படியளந்த ஆட்சியும் மூதறிஞர் இராஜாஜியும்

படியளத்தல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நெல்லையும் அரிசியையும் படியால் அளப்பது ஒன்று. ஒருவரை உண்பித்து வாழ்விப்பது மற்றொன்று. பண்ணையாளுக்குக் கூலியைப் படியால் அளந்தவரே அவனுக்குப் படியளப்பவராகவும் கருதப்பட்டார். இறைவனையும் எல்லோர்க்கும் படியளப்பவன் என்றே நாட்டுப்புறம் போற்றியது. அளக்கும் கை உயர்ந்தும் ஏற்கும் கை தாழ்ந்தும் இருக்கும் நிலை அச்சொல்லுக்குள்ளேயே அமைந்து கிடக்கிறது. மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றியது என்கிறது காப்பியம். அதற்கு நேர்மாறாக, உணவை அளந்து கொடுப்பதன் வாயிலாக நாட்டையே சிறைக்கோட்டமாக்கிய ஆட்சிகளையும் வரலாறு கண்டிருக்கிறது.

மூதறிஞர் இராஜாஜியின் வாழ்வு 1878 முதல் 1972 வரை நீண்டது. விடுதலை வீரர், சென்னை மாநிலப் பிரதமர், இந்தியத் தலைமை ஆளுநர், முதலமைச்சர், இராமகாதையையும் பாரதத்தையும் எளிய தமிழில் எழுதியவர் எனப் பல கோணங்களில் அவர் அறியப்பட்டவர். அரசு அளக்கும் சோற்றுக்கும் குடிமகனின் உரிமைக்கும் இடையே நடந்த போராட்டமும் அவர் வாழ்வில் தொடக்கம் முதல் இறுதி வரை ஊடுருவி நிற்கிறது. அவருடைய பிற பெருமைகளின் நிழலில் மறைந்துவிட்ட இக்கூறு தனித்து நோக்கத்தக்கது.

பஞ்சத்தின் முடிவில் ஒரு பிறப்பு

இராஜாஜி 1878 டிசம்பர் 10ஆம் நாள், அன்றைய சேலம் மாவட்டத்தில் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடராய ஐயங்கார் அவ்வூர் முன்சீப். மகன் பிறந்த காலத்தில் அப்பகுதி ஒரு பேரழிவிலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியிருந்தது. மாண்டவர் தொகை முப்பத்தைந்து இலட்சம் அளவில் இருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. சேலம் மாவட்டம் பெருஞ்சேதம் கண்ட மாவட்டங்களுள் ஒன்று.

அப்பஞ்சத்தில்தான் அந்நிய அரசு, பசித்தவனுக்கு எவ்வளவு உணவு போதும் என்பதை முதன்முறையாக எடைபோட்டுச் சோதித்தது எனலாம். அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார். நிவாரணப் பணியில் உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று அவர் விதித்தார். நாள் முழுதும் மண் வெட்டிக் கல்லுடைப்பவனுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். நிவாரணம் எளிதில் கிடைத்தால் மக்கள் சோம்பேறிகளாவர், கருவூலம் வறண்டுவிடும் என்பதே ஆட்சியாளரின் அச்சம். ஆகவே சொந்த ஊரைவிட்டுத் தொலைவிலுள்ள முகாமுக்கு வந்து தங்கி வேலை செய்வோர்க்கே உணவு எனும் சோதனைகளும் புகுத்தப்பட்டன. சில மாதங்களில் அக்கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மெலிந்த உடல்கள் பல மண்ணில் சாய்ந்துவிட்டன.

அந்த ஒரு ராத்தல் கணக்கை எதிர்த்துக் கேட்க மக்களுக்குச் சட்டமன்றம் இல்லை, வாக்குரிமை இல்லை. டெம்பிள் வகுத்த அளவைக் குறை கூறவும் இன்னொரு வெள்ளை அதிகாரியே வேண்டியிருந்தது. இந்நிலையில் இருந்த நாட்டில்தான் இராஜாஜி வளர்ந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, 1900ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். பொருளும் புகழும் சேர்ந்தன. சேலம் நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார். காந்தியடிகளின் அழைப்பு வந்ததும் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்து மூன்று மாதம் கழித்தார். அளந்து போடப்படும் சோற்றின் தன்மையை அவர் நேரில் அறிந்தது அங்கேதான். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தபோது, மழை பொய்த்த சிற்றூர்ப் பெண்களுக்கு நூற்பு வேலையும் கூலியும் கிடைக்க வழி செய்தார். கைந்நீட்டிப் பெறும் கஞ்சியினும் உழைத்துப் பெறும் காசு மனிதனை நிமிர்த்தும் என்னும் எண்ணம் அவரிடம் அந்நாளிலேயே வேரூன்றியது.

மரக்கிளையில் தொங்கிய சோறு

உணவைத் தடுத்து மக்களை அடக்க முயலும் ஆட்சியை அவர் முகத்துக்கு நேராகச் சந்தித்தது 1930இல். அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இயற்றிய நடைப்பாடல் அத்தொண்டர்களின் நாவில் ஒலித்தது. வழி தஞ்சை மாவட்டத்தினூடே சென்றது. மாவட்ட ஆட்சியர் தார்ன், தடியடியினும் நுட்பமான படைக்கலம் ஒன்றைத் தேர்ந்தார். யாத்திரிகர்க்கு உணவோ உறைவிடமோ அளிப்பவர் தண்டிக்கப்படுவர் என்று அறிவிப்புச் செய்தார். துண்டறிக்கைகள் ஊர்தோறும் பரவின.

விருந்தோம்பலைக் குற்றமாக்கிய அவ்வாணை, நெற்களஞ்சியமாகிய தஞ்சையில் வெளியிடப்பட்டது என்பது எண்ணத்தக்கது. மக்கள் அதற்குத் தந்த விடை தமிழர் பண்பாட்டு வரலாற்றில் பொறிக்கத்தக்கது. யாத்திரிகர் வரும் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியவர் யாரென்று காவலருக்குத் தெரியவில்லை. மரத்தைக் கைது செய்யவும் இயலவில்லை. கும்பகோணத்தில் வெளிப்படையாகவே விருந்தளித்தவர் சிறை சென்றார். ஆயினும் தொண்டர் எவரும் பட்டினியால் திரும்பவில்லை. ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரணியம் அடைந்தனர். சர்தார் வேதரத்தினம் பிள்ளை வரவேற்றார். 30ஆம் நாள் உப்பு அள்ளிய இராஜாஜி கைது செய்யப்பட்டார்.

உணவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது. சோறு பல்லாயிரம் வீடுகளின் அடுப்புகளில் வெந்துகொண்டிருந்தவரை ஆட்சியரின் ஆணை செல்லவில்லை. எந்த அடுப்பிலிருந்து எந்தப் பொட்டலம் வந்தது என்று அரசால் கணக்கெடுக்க முடியவில்லை. அடுப்புகள் அனைத்துக்கும் அரிசி ஒரே அரசுக் கிடங்கிலிருந்து அளந்து தரப்படும் நிலை அன்று இருந்திருப்பின் தார்னின் ஆணை வென்றிருக்கக்கூடும். அப்படிப்பட்ட நிலை பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாகாணத்துக்கு வந்தது.

முதல் ஆட்சி

1937 ஜூலையில் இராஜாஜி மாகாணப் பிரதமரானார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு, ஆலய நுழைவுக்கு வழி செய்த சட்டம், 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் ஆகியன அவ்வாட்சியின் அடையாளங்கள். கடன் நிவாரணச் சட்டம் உழவருக்கு ஆறுதலளித்தது. கொடுக்கல் வாங்கலையே குலத்தொழிலாகக் கொண்ட செட்டிநாட்டில் அது வரவேற்பைப் பெற்றிருக்க இயலாது. பள்ளிகளில் கட்டாய இந்தியைப் புகுத்தியதும், எதிர்த்தோரைக் கடுஞ்சட்டத்தின் துணைகொண்டு சிறையிலடைத்ததும் அவ்வாட்சியின் மறுபக்கம். நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு 1939இல் உயிர்நீத்தனர். நன்மை எனத் தாம் கருதியதை மக்கள் மீது சுமத்தத் தயங்காத இயல்பு அவரிடம் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. பின்னாளைய நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்ளவும் இவ்வியல்பு துணை செய்யும்.

ஆளுநர் ஆட்சியும் பங்கீட்டு அட்டையும்

இந்தியாவைக் கேளாமலே போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. சென்னை மாகாணம் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்கீழ் ஆளுநர் கைக்குப் போயிற்று. சட்டமன்றம் கூடவில்லை. ஆளுநரும் அவருடைய ஆலோசகர்களும் இட்டதே சட்டம். 1946 வரை நீடித்த இதனை மக்கள் ஆலோசகர் ஆட்சி என்றனர். பெயர் எதுவாயினும், கேள்வி கேட்பாரற்ற தனியாட்சியே அது.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை இரங்கூனைப் பிடித்தது. சென்னை மாகாணத்துக்குப் பர்மா அரிசி வருவது அடியோடு நின்றது. தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் இச்செய்தி வெறும் போர்ச்செய்தியாக வரவில்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் 1930களின் இறுதியில் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. கணக்குப் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பியோரும், அரக்கான் மலைவழியிலும் அசாம் காட்டுவழியிலும் நடந்து வந்தோரும், வழியிலேயே மாண்டோரும் பலர். கண்மாய்ப் பாசனத்தையும் வானத்தையும் நம்பிய இப்பகுதிக்கு வெளியிலிருந்து வரும் அரிசி இன்றியமையாதது. பணம் வந்த வழியும் அரிசி வந்த வழியும் ஒரே நாளில் அடைபட்டன.

அவ்வாண்டு ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் மூண்டபோது தேவகோட்டை கொழுந்துவிட்டு எரிந்தது. நீதிமன்றம் தீக்கிரையாயிற்று; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. சின்ன அண்ணாமலையைத் திருவாடானைச் சிறையை உடைத்து மக்களே விடுவித்தனர். அந்நாளில் இராஜாஜி அவ்வியக்கத்தில் இல்லை. ஜப்பானியர் வாசலுக்கு வந்துவிட்ட வேளையில் மாகாணத்தில் மக்கள் அமைச்சரவை மீண்டும் அமைய வேண்டும் என்றும், அதற்காக முஸ்லிம் லீகுடன் உடன்பாடு காண வேண்டும் என்றும் அவர் வாதாடினார். காங்கிரஸ் ஏற்கவில்லை, அவர் விலகினார். தேவகோட்டை மக்கள் உயிர்கொடுத்த நாளில் அவர் சிறைக்கு வெளியே இருந்தது பலருக்கு ஆறாத மனக்குறை. எனினும் மக்கள் ஆட்சி இல்லாத போர்க்காலம் என்னவாகும் என்று அவர் அஞ்சியது வீணாகவில்லை.

1943இல் வங்காளத்தில் பெரும்பஞ்சம் வந்தது. மாண்டவர் முப்பது இலட்சம் அளவில் என்பது பரவலான மதிப்பீடு. போர்த் தொழிலுக்கு வேண்டியோர் முன்னுரிமைப் பிரிவினர் எனப் பிரிக்கப்பட்டு உணவு பெற்றனர். ஊர்ப்புறத்து ஏழை கல்கத்தா வீதியில் வீழ்ந்தான். யாருக்குச் சோறு, யாருக்கு இல்லை என்பதை ஆட்சி வகுத்த வரிசையே முடிவு செய்தது. அதே ஆண்டில் சென்னை நகரில் உணவுப் பங்கீடு வந்தது. படிப்படியாகப் பிற நகரங்களுக்கும் பரவியது. ரேஷன் என்ற சொல் தமிழாகிவிட்டது.

பங்கீடு பசியைத் தடுத்தது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். வங்காளத்தின் கதி சென்னைக்கு வராமற் போனதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் அதன் வேலைமுறை குடிமகனின் அன்றாட வாழ்வுக்குள் அரசை நுழைத்தது. உழவர் தம் குடும்பத்துக்கும் விதைக்கும் வேண்டியது போக எஞ்சியதை அரசு குறித்த விலைக்கு அரசிடமே விற்க வேண்டும். எஞ்சியது எவ்வளவு என்பதை அதிகாரி முடிவு செய்வார். களத்திலும் குதிரிலும் சோதனை நடந்தது. மாவட்ட எல்லைகளில் சாவடிகள் அமைந்தன. தஞ்சையில் பத்தாயம் நிறைந்திருக்க, எல்லைக்கு இப்பால் இராமநாதபுரத்தில் அடுப்பு அணைந்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவே தாளில் ஒரு கையொப்பம் வேண்டும். மகள் வீட்டுக்குச் சில படி அரிசி கொண்டுபோகும் தாய் கடத்தல்காரியானாள். விருந்தினரின் தொகைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. திருமணத்தில் ஊருக்கே இலை போடும் செட்டிநாட்டில் அது பண்பாட்டின் மீதே விழுந்த பூட்டு. அட்டையில் பெயர் இருப்பவரே அரசின் கண்ணுக்கு உயிரோடு இருப்பவர். அட்டை வழங்கும் எழுத்தர், அரிசி கொள்ளும் அதிகாரி, கடைக்காரர் ஆகிய மூவரையும் பகைத்துக்கொண்டு வாழ எவராலும் இயலாது.

1946 தொடக்கத்தில் நாடெங்கும் பங்கீட்டளவு நாளொன்றுக்கு 12 அவுன்சாகக் குறைக்கப்பட்டது. அது முக்கால் ராத்தல். இராஜாஜி பிறப்பதற்கு முன் டெம்பிள் விதித்த ஒரு ராத்தலினும் அது குறைவு. வசதியுள்ளோர் அதனைக் காய்கறி, பால் கொண்டும் கள்ளச் சந்தையைக் கொண்டும் நிரப்பிக்கொண்டனர். ஏழைக்கு அட்டையின் அளவே வயிற்றின் அளவாயிற்று.

இவ்வாண்டுகளில்தான் இராஜாஜி கல்கி இதழில் வியாசர் விருந்து எழுதினார். பாரதக் கதையைத் தமிழ் வீடுகளுக்கு விருந்தாகப் படைத்த அத்தொடரில் பாஞ்சாலியின் அட்சய பாத்திரமும் வருகிறது. நாடு வரிசையில் நின்று படியரிசி வாங்கிய காலத்தில், ஒரு பருக்கையால் உலகப் பசி தீர்ந்த கதையைப் படித்தவர்க்கு அதன் பொருள் வேறாகவே தோன்றியிருக்கும்.

சாவடிகள் திறந்த நாள்

விடுதலைக்குப் பின் கட்டுப்பாடு தானே நீங்கிவிடவில்லை. மக்களின் நேர்மையைக் கெடுக்கும் இம்முறை ஒழிய வேண்டும் எனக் காந்தியடிகள் வற்புறுத்தியதால் 1947 டிசம்பரில் தளர்த்தப்பட்டது. விலை ஏறவே 1948இல் மீண்டும் வந்தது. இராஜாஜி அப்போது முதலில் மேற்கு வங்க ஆளுநர், பின்னர்த் தலைமை ஆளுநர். பஞ்சத்தின் வடு ஆறாத கல்கத்தாவையும் அவர் கண்டார். கட்டுப்பாடு தோற்பதையும் கண்டார். அதை நீக்கியபோது விலை ஏறியதையும் கண்டார்.

1952 பொதுத்தேர்தலில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றார். தொடர்ந்து மழை பொய்த்ததும், அரிசித் தட்டுப்பாடும், கொள்முதல் அதிகாரிகள் மீது மக்களுக்கிருந்த வெறுப்பும் அத்தோல்வியின் காரணங்களுள் முக்கியமானவை. ஓய்விலிருந்த இராஜாஜி அழைக்கப்பட்டார். தேர்தலில் நில்லாமலே மேலவைக்கு நியமனம் பெற்று 1952 ஏப்ரல் 10ஆம் நாள் முதலமைச்சரானார். மக்களின் வாக்கைப் பெறாத முதல்வர் என்ற குறை அன்றும் பேசப்பட்டது, இன்றும் பேசப்படுகிறது.

பதவியேற்று இரண்டு மாதத்தில், 1952 ஜூனில், அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். அவ்வேளை எண்ணிப் பார்க்கத்தக்கது. இராயலசீமை வறண்டு கிடந்தது. அங்கே கஞ்சித் தொட்டிகள் நடந்துகொண்டிருந்தன. கிணறு தோண்ட இராணுவம் வந்தது. இத்தகைய ஆண்டில் கட்டுப்பாட்டை நீக்குவது நெருப்போடு விளையாடுவது என்று தில்லியிலும் சென்னையிலும் அஞ்சியோர் பலர். மைய அரசின் புதிய உணவமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். கொள்முதல் நின்றது. மாவட்ட எல்லைச் சாவடிகள் அகன்றன. கையிருப்பை அரசு வைத்துக்கொண்டு, நியாய விலைக் கடைகளை மட்டும் காப்பாகத் தொடர்ந்தது.

அஞ்சிய பேரிடர் நிகழவில்லை. பத்தாயங்களிலும் நிலவறைகளிலும் பதுங்கியிருந்த அரிசி சந்தைக்கு வந்தது. அதிகாரி வருவார் என்று அஞ்சி ஒளித்தவர், அச்சம் நீங்கியதும் விற்றார். நாளைக்குக் கிடைக்குமோ என அஞ்சி வாங்கிக் குவித்தவர் குவிப்பதை நிறுத்தினார். தட்டுப்பாட்டின் ஒரு பகுதி மழையால் வந்தது. மற்றொரு பகுதி அச்சத்தால் வந்தது என்ற அவருடைய கணிப்பு மெய்யாயிற்று. சென்னையின் வழியைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. 1954க்குள் நாடு முழுவதும் உணவுக் கட்டுப்பாடு விலகியது. 1953, 1954ஆம் ஆண்டுகளில் விளைச்சல் பெருகியதும் அதற்குத் துணை செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டிலேயே தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும் அவர் கொண்டுவந்தார். சந்தையைத் திறந்தால் மட்டும் போதாது, நிலத்தில் உழைப்பவனைத் திடீரென வெளியேற்றும் அதிகாரத்துக்கும் வரம்பு வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இது சான்று. பங்கீட்டு அட்டையின் பிடி தளர்ந்தபின் பண்ணையாரின் மரக்கால் மட்டும் மிஞ்சினால் ஏழைக்கு என்ன விடுதலை என்ற வினாவை அவரை எதிர்த்த பொதுவுடைமையர் எழுப்பினர். அவ்வினாவுக்கு அச்சட்டம் அரைகுறை விடையாகவே அமைந்தது.

அதே கை செய்த பிழை

அரிசிச் சாவடியைத் திறந்து மக்களின் வாழ்த்தைப் பெற்றவர், அடுத்த ஆண்டே வாழ்த்தையெல்லாம் இழந்தார். 1953இல் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலலாம் என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தார். சட்டமன்றத்தில் முன்கூட்டி விவாதியாமலே அது நடைமுறைக்கு வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954இல் அவர் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குடிமகன் எவ்வளவு உண்ண வேண்டும் என்று அரசு அளப்பதைப் பொறாதவர், குடிமகனின் குழந்தை எவ்வளவு நேரம் கற்க வேண்டும் என்று தாமே அளந்தார். அரிசியில் மக்களின் அறிவை நம்பினார். கல்வியில் தம் அறிவை மட்டும் நம்பினார். முன்னதில் வென்றார், பின்னதில் தோற்றார். தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்டோர்க்குப் பள்ளி நேரமும் ஒரு படியரிசியே என்பதை அவர் காணத் தவறினார்.

சுதந்திரக் கட்சியும் வெளியுலகும்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையையும், உணவு தானிய வாணிகத்தை அரசே மேற்கொள்வதையும் ஆதரித்தது. நெல்லை அளக்கும் படி மீண்டும் அரசின் கைக்குப் போகிறது என்று இராஜாஜி கண்டார். அவ்வாண்டு ஜூனில், எண்பது வயது கடந்த நிலையில், சுதந்திரக் கட்சியைத் தோற்றுவித்தார். உரிமமும் அனுமதியும் பங்குமாக நாட்டை ஆளும் முறையை அவர் ஓர் அரசாட்சி என்றே பெயரிட்டுக் கண்டித்தார். செல்வர்க்கும் நிலமுடையோர்க்கும் உரிய கட்சி என்ற பழி அதற்கு வந்தது. அப்பழிக்கு அக்கட்சியில் இடமும் இருந்தது.

அவருடைய அச்சம் கற்பனையன்று என்பதற்கு அந்நூற்றாண்டின் வரலாறே சான்று. சோவியத்து நாட்டில் 1932, 1933ஆம் ஆண்டுகளில் உக்ரைன் உழவரிடமிருந்து தானியம் பறிக்கப்பட்டது. ஊர்விட்டு ஊர் செல்ல உள்நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும் என்ற விதி 1932 டிசம்பரில் வந்தது. கூட்டுப்பண்ணை உழவர்க்கு அச்சீட்டு பொதுவாகக் கிடைக்கவில்லை. பசித்தவன் உணவுள்ள ஊருக்கு நடந்து செல்லும் உரிமையும் போயிற்று. சீனத்தில் 1958 முதல் வீட்டு அடுப்புகளை அணைத்துப் பொதுச் சமையற்கூடங்கள் நிறுவினர். அகப்பை தலைவன் கையில் இருந்தது. அவன் சினந்தால் ஒரு குடும்பம் பட்டினி. தொடர்ந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். தஞ்சையின் மரக்கிளைகளில் தொங்கிய சோற்றைப் போல அங்கே எதுவும் தொங்க இயலவில்லை. கட்டித் தொங்கவிடத் தனி அடுப்பே இல்லை.

தேவகோட்டைக்கு நெருங்கிய சான்று பர்மா. 1962 மார்ச்சில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964க்குள் வாணிகமும் வங்கிகளும் அரசுடைமையாயின. உணவு முதல் உடை வரை மக்கள் கடைகள் வாயிலாகப் பங்கிடப்பட்டன. இலட்சக்கணக்கான இந்தியர் வெறுங்கையுடன் கப்பலேறினர். எஞ்சியிருந்த நகரத்தார் பேட்டைகளும் மூடப்பட்டன. உழவரிடமிருந்து அரசு குறைந்த விலைக்கு நெல்லைக் கொண்டது. உலகுக்கே அரிசி அளந்த அந்நாட்டில் 1967இல் அரிசித் தட்டுப்பாடு வந்து கலவரம் மூண்டது. அரிசி கேட்ட மக்களைப் படை சுட்டது. கேட்பதற்கு அங்கே சட்டமன்றம் இல்லை. ஆட்சியை மாற்ற வாக்குச்சீட்டும் இல்லை.

மூன்று படியும் முடிவும்

அதே 1967இல் தமிழ்நாட்டிலும் அரிசித் தட்டுப்பாடு இருந்தது. இந்திய உணவுக் கழகம் தன் முதல் அலுவலகத்தை 1965 ஜனவரியில் தஞ்சாவூரில் திறந்திருந்தது. கோயம்புத்தூரில் பங்கீடு மீண்டும் வந்திருந்தது. பொதுத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என வாக்களித்தது. இராஜாஜியின் சுதந்திரக் கட்சி அதனுடன் கூட்டணி சேர்ந்தது. மக்கள் வாக்குச்சீட்டால் ஆட்சியை மாற்றினர். அவ்வாண்டு மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கும் திட்டம் வந்தது. கருவூலம் தாங்காமையால் மூன்று படி கைகூடவில்லை. கட்டற்ற வாணிகத்தை நம்பிய முதியவரின் கூட்டணியே அரசு அளக்கும் மலிவரிசியை ஆட்சிக்குக் கொண்டுவந்தது வரலாற்றின் விந்தை. விரைவில் அவர் அக்கட்சியிடமிருந்து விலகி நின்றார்.

1972 டிசம்பர் 25ஆம் நாள், தம் 94ஆம் வயதில் இராஜாஜி மறைந்தார். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. அவர் மறைவுக்குப் பின் தமிழகத்தின் பொது விநியோகம் சுருங்கவில்லை. எல்லாக் குடும்பத்துக்கும் உரியதாக விரிந்தது. 2011 முதல் அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது. இதனைக் கொண்டு அவர் தோற்றார் என்று முடிவு கட்டுவது எளிது, ஆனால் பொருந்தாது. ஆலோசகர் ஆட்சியின் அட்டை உழவனிடம் பறித்தது, எல்லையில் மறித்தது, வேறிடத்தில் வாங்கவிடாமல் தடுத்தது. இன்றைய குடும்ப அட்டையோ வேண்டியவர் வாங்கலாம், வேண்டாதவர் சந்தைக்குச் செல்லலாம் என்ற நிலையில் உள்ளது. குறைந்தால் கடை முன் நின்று கேட்கலாம். கேளாத ஆட்சியைத் தேர்தலில் அகற்றலாம். பறித்தலும் மறித்தலும் நீங்கிய பங்கீடு உரிமையாகிறது. அவற்றை நீக்கியதில் 1952ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

குறையே இல்லாத தலைவராக இராஜாஜியைக் காட்ட வேண்டிய தேவை இல்லை. மொழியிலும் கல்வியிலும் அவர் மக்கள் மனத்தை அறியாது நடந்தார்; அதற்குரிய விலையையும் கொடுத்தார். ஆயினும், ஒரு ராத்தல் தானியத்தால் மனிதனை எடைபோட்ட ஆட்சியின் நிழலில் பிறந்து, சோறிடுவதே குற்றம் என்ற ஆணையை நடந்தே வென்று, எல்லைச் சாவடிகளைத் திறந்துவிட்ட அவருடைய வாழ்வு ஒரு வினாவை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. படியளக்கும் கையை யார் அளப்பது என்பதே அவ்வினா. தமிழில் பசியைப் பாடிய புலவர் வரிசை நெடியது. அவ்வரிசையில் வருவோர் பசியோடு அவ்வினாவையும் சேர்த்துப் பாடுவாராயின் மூதறிஞரின் வாழ்விலிருந்து பெற வேண்டியதைப் பெற்றவராவர்.